பனிக்கட்டிக்கு அடியில் பீவர் பொறி: வெறுமையாக வந்தால் பிழை எங்கே?

ஏரியின் மேல் இரண்டடி கனத்துக்குப் பனிக்கட்டி. அதைக் கொத்தி, தண்ணீரில் மிதக்கும் துண்டுகளை அள்ளிப் போட்டு, பொறி கட்டிய கழியை மேலே இழுத்தால் பொறி போன வாரம் இறக்கியது போலவே வருகிறது. அல்லது பொறி மூடிக் கிடக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அல்லது இரைக்குக் கட்டிய கொம்பைக் காணோம். விரல் விறைக்கும் குளிரில் அப்படியே திரும்ப இறக்கிவிட்டு நடையைக் கட்டத்தான் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வெறுமையாக வந்த பொறி கீழே நடந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. இரையில் பல் தடம், பொறியின் தாடையில் மயிர், கம்பியில் முறுக்கு, கழியில் சேறு. இவற்றைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். படிக்காமல் இறக்கினால் இன்னொரு வாரம் வீண்.

இங்கே சொல்வதெல்லாம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வடபகுதி போன்ற ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) காட்டு ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் பொருந்தும். பீவர் என்பது அணை கட்டித் தண்ணீரில் வாழும் பெரிய கொறிக்கும் பிராணி; கனடாவின் ஐந்து சத நாணயத்தில் 1937 முதல் இருக்கும் அதே பிராணிதான். தமிழில் பீவரை நீர்நாய் என்று எழுதுவோரும் உண்டு. இந்தத் தொழிலில் அந்தக் குழப்பம் ஆகாது. நீர்நாய் மீன் தின்னும் வேறு பிராணி. அது தவறி மாட்டுவதைப் பற்றித் தனியாகக் கீழே இருக்கிறது. ஒன்ராறியோவில் பொறி வைக்க உரிமம் வேண்டும், உரிமத்துக்கு முன் பயிற்சி வகுப்பு முடித்துத் தேர்வு எழுத வேண்டும். பருவம், அளவு, எந்தப் பொறி, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதெல்லாம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டே கழி வெட்டப் போங்கள்.

பீவர் குளிர்காலத்தில் உறங்கிக் கிடப்பதில்லை. இலையுதிர் காலத்திலேயே, குச்சியும் சேறும் வைத்துக் கட்டிய தன் வீட்டுக்கு முன்னால் ஆஸ்பென், வில்லோ, பர்ச் கிளைகளை வெட்டித் தண்ணீருக்குள் குவித்து வைக்கும். ஏரி உறைந்த பிறகு வீட்டின் நீரடி வாசல் வழியாக இறங்கி, குவியலில் ஒரு கிளையை அறுத்து, வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பட்டையைத் தின்னும். மாதக்கணக்கில் இதே போக்குவரத்து, இதே தடம். பனிக்கட்டிக்கு அடியில் பொறி வைப்பது இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான்.

இரையில் ஒரு பல்கூடப் படவில்லை

முதல் சந்தேகம் வீட்டின் மேல்தான். அங்கே ஆள் இருக்கிறதா? பழைய வீடுகள் குடியில்லாமல் பல வருடம் அப்படியே நிற்கும். காற்றில்லாத, −20 பாகைக்குக் கீழான காலையில் வீட்டின் உச்சியைப் பாருங்கள். உள்ளே மூச்சு விடும் உயிர் இருந்தால், உச்சியில் காற்றுப் போகும் இடத்தில் பனி உருகி விரல் நுழையும் அளவு ஓட்டை இருக்கும். அதைச் சுற்றியுள்ள குச்சிகளில் உறைபனி ஊசி ஊசியாக, வெள்ளைப் பாசி போலப் படர்ந்திருக்கும். கிட்டக் குனிந்தால் ஈர மண்ணும் பிராணியும் கலந்த வாடை வரும். உச்சி முழுக்க ஒரே சீராகப் பனி மூடியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போங்கள். தீனிக் குவியலும் சாட்சிதான். பனிக்கட்டிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை நுனிகளில் மொட்டும் வழவழப்பும் இருந்தால் அது இந்த ஆண்டுக் குவியல். பட்டை உரிந்து சாம்பல் நிறமாக இருந்தால் பழையது.

வீட்டில் ஆள் இருந்தும் இரை தொடப்படவில்லை என்றால் கழி தடத்தில் இல்லை. தடத்தைக் கண்டுபிடிக்க ஏற்ற காலம் ஏரி உறைந்து முதல் பனி விழுவதற்கு முன் வரும் சில நாள்கள். பீவர் நீந்தும்போது விடும் மூச்சும் மயிரில் சிக்கிய காற்றும் மேலே போய், கண்ணாடிப் பனிக்கட்டியின் அடியில் வெள்ளைக் காசுகளைப் போல ஒட்டிக்கொள்ளும். வாசலிலிருந்து குவியலுக்கு, குவியலிலிருந்து அணைக்கு என்று அந்தக் காசுகள் வரிசையாக ஓடும். அதன் மேல் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் ஜனவரியில் மூன்றடிப் பனியிலும் தடம் தெரியும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டிருந்தால், வீட்டுக்கும் குவியலுக்கும் இடையில் பனியை விலக்கிவிட்டு ஒரு சிறு துளை போட்டு அடியைத் தொட்டுப் பாருங்கள். தடத்தின் தரை பள்ளமாக, இலைக்குப்பை இல்லாமல், கெட்டியாக இருக்கும். ஓரிரு அடி தள்ளினால் கழி கொழகொழவென்று சேற்றில் இறங்கும்.

மூன்றாவது சந்தேகம் இரை. கை விரல் கனத்துக் குச்சி போதாது. மணிக்கட்டுக் கனத்தில், அன்று வெட்டிய ஆஸ்பென் கொம்பு ஒன்றரையிலிருந்து இரண்டடி நீளம் வேண்டும். கோடாரியால் பட்டையை இரண்டு மூன்று இடத்தில் விரல் அகலத்துக்குச் சீவிவிடுங்கள். வெள்ளை மரம் இருட்டுத் தண்ணீரில் எடுப்பாகத் தெரியும், சாறும் கசிந்து வாசம் பரவும். ஆஸ்பென் கிடைக்காத இடத்தில் வில்லோ, அதுவும் இல்லையென்றால் பர்ச். ஆல்டரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பீவர் அதை வீடு கட்டவும் குவியலை அமுக்கி வைக்கவும்தான் அதிகம் பயன்படுத்தும். டிசம்பரில் குவியல் புதிதாக இருக்கும்போது உங்கள் இரைக்கு அவ்வளவு மதிப்பில்லை. பிப்ரவரியில் குவியலின் பட்டை ஊறிப் புளித்துப்போன பிறகு ஒரு புதுக் கொம்பு தேன்போல இழுக்கும். எனவே டிசம்பரில் தொடப்படாத இடத்தைக் கைவிட்டுவிடாமல் பிப்ரவரியில் மறுபடி பாருங்கள். ஊறிய இரையைக் கழியைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் மாற்றிவிடுங்கள்.

துளையைத் திறந்தபடி விட்டிருந்தாலும் பிழைதான். மாதக்கணக்கில் இருட்டில் பழகிய பிராணிக்கு மேலிருந்து விழும் வெளிச்சத் தூண் சந்தேகத்தைக் கிளப்பும். ஸ்ப்ரூஸ் கிளைகளைப் பரப்பி, அதன் மேல் பனியை அள்ளிப் போட்டு மூடுங்கள்.

இரை போய்விட்டது, பொறி திறந்தபடி நிற்கிறது

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். இரை எங்கே எப்படி அறுபட்டது என்று பாருங்கள். கட்டின கம்பிக்கு இரண்டு பக்கமும் அறுத்துக் கொம்பை எடுத்துக்கொண்டு போயிருந்தால் கட்டு போதவில்லை. பீவரின் உதடு முன்பற்களுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும், அதனால் தண்ணீருக்குள்ளேயே தடையில்லாமல் அறுக்கும். இரண்டு கட்டு போட்டால் இரண்டுக்கும் வெளியே அறுத்துவிடும். கொம்பை நான்கைந்து இடத்தில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, நடுவில் இரண்டு நீள ஆணியும் அடித்தால் நின்று கொறிக்க வேண்டிவரும். அது அங்கே நிற்கும் நேரம்தான் உங்களுக்கு வேண்டியது.

இனி பல் தடத்தின் அகலத்தைப் பாருங்கள். வளர்ந்த பீவரின் ஒரு பல் தடம் கால் அங்குலத்துக்கு மேலேயே இருக்கும். அதைவிடக் குறுகி இருந்தால் அந்த ஆண்டுக் குட்டி. தீக்குச்சிக் கனத்தில் நெருக்கமாகக் கீறியிருந்தால் அது மஸ்க்ராட் என்னும் சிறிய நீர்க் கொறிணி, பொறியில் எந்தக் குறையும் இல்லை.

வளர்ந்த பீவரே தின்றுவிட்டுப் போயிருந்தால் அது பொறிக்குள் தலையை விடாமலே இரையை எட்டியிருக்கிறது. 330 என்பது கழுத்தில் அடித்துக் கொல்லும் சதுரச் சட்டப் பொறி; அதன் வாய் 10 அங்குலச் சதுரம். இரை அந்தச் சதுரத்துக்கு மேலேயோ பக்கத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் பீவர் வெளியிலிருந்தே கொறிக்கும். இரைக் கொம்பு பொறிக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி, வாயின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். கொம்பின் இரண்டு முனைகளும் தாடையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டிலும் பின்னாலும் காய்ந்த குச்சிகளைச் சேற்றில் குத்தி வேலி போடுங்கள். ஒரே வழி, அது பொறியின் வாய் வழியாக என்று இருக்க வேண்டும். வேலிக்கும் கழிக்கும் பட்டுப்போன ஸ்ப்ரூஸையே எடுங்கள். பச்சை மரத்தில் கழி வெட்டினால் நீங்கள் இரையை விடப் பெரிய இரையை இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்; பீவர் கழியையே தின்னும்.

பொறி சுடாமல், அதாவது மூடாமல் போவதற்கு வேறு காரணமும் உண்டு. தூண்டுகம்பி (பீவர் முட்டினால் பொறியை மூடவைக்கும் கம்பி), அதைப் பிடித்து நிற்கும் நாக்கின் ஆழமான வெட்டில் உட்கார்ந்திருந்தால் முட்டினாலும் விழாது. பொறியைக் கரையில் வைத்து, இரண்டு ஸ்பிரிங்கின் பாதுகாப்புக் கொக்கியும் மாட்டியபடியே, நீளக் குச்சியால் கம்பியைத் தள்ளிப் பாருங்கள். சின்ன அழுத்தத்தில் நழுவ வேண்டும். துரு இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு வாருங்கள். கடைசியாக ஒரு கேள்வி, வெட்கப்பட வேண்டாம்: பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றினீர்களா? குளிரில் இரண்டில் ஒன்றை மறந்து இறக்குவது அனுபவசாலிகளுக்கும் நடக்கும். இறக்கும் முன் "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டு எண்ணிக் கழற்றும் பழக்கம் இதற்கு மருந்து.

பொறி மூடியிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை

தாடையில் ஒரு துண்டுக் கிளை கவ்வப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் பொறியைக் குவியலிலிருந்து வாசலுக்குத் தீனி இழுக்கும் வழியில் வைத்திருக்கிறீர்கள். பீவர் வாயில் குறுக்காகக் கிளையைக் கவ்விக்கொண்டு வரும். கிளை முதலில் தூண்டுகம்பியில் முட்டும். பொறியை வாசலைவிட்டு விலக்கி, அணைப் பக்கம் போகும் தடத்திலோ, இரை வைத்த தனிக் கழியிலோ மாற்றுங்கள்.

தாடையில் மயிர் இருந்தால் எந்த மயிர் என்று பாருங்கள். நீளமான, முரட்டுப் பழுப்பு மயிர் முதுகுப்புறத்தது. பீவர் பொறிக்கு மேலாகவோ சாய்வாகவோ போயிருக்கிறது. தடத்தின் ஆழத்தை மறுபடி அளந்து பொறியை உயர்த்துங்கள். பொறிக்கு மேலே ஒரு காய்ந்த கழியைக் குறுக்கே போட்டால் அது குனிந்து வாய் வழியாகப் போகும். மயிரும் இல்லை, கிளையும் இல்லை என்றால் பொறி ஆடியிருக்கலாம். 330 பொறி கழியில் தளர்வாக இருந்தால் பீவர் முன்காலால் தொட்டதுமே சரிந்து மூடிக்கொள்ளும். 9 கேஜ் கம்பியால் இரண்டு ஸ்பிரிங்கையும் கழியோடு கட்டி, கையால் உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் இறக்க வேண்டும். துளை போட்டபோது உள்ளே விழுந்த பனிக்கட்டித் துண்டு மிதந்து வந்து முட்டுவதும் உண்டு. துளையைச் சல்லடைக் கரண்டியால் சுத்தமாக அள்ளிவிட்டுத்தான் பொறியை இறக்குங்கள்.

கண்ணி சுருங்கியிருக்கிறது, அல்லது கம்பி அறுந்திருக்கிறது

பனிக்கட்டிக்கு அடியில் சுருக்குக் கண்ணி நல்ல கருவி. எடை குறைவு, சின்னத் துளை போதும், ஒரே கழியில் நான்கு கட்டலாம். கம்பிவடம் 3/32 அங்குலம், வளையம் 9 முதல் 10 அங்குலம். வெறுமையாகச் சுருங்கி வந்தால் பெரும்பாலும் வளையம் பெரிதாகி உடம்பு நழுவியிருக்கும், அல்லது வளையம் இரையைவிட்டுத் தள்ளி நின்று, திரும்பும்போது வால் பட்டு மூடியிருக்கும். வளையத்தின் உள்விளிம்பு கழியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு மேல் விலகக் கூடாது. இரைக்கு நேர் கீழே ஒன்று, நேர் மேலே ஒன்று, அதேபோல மறுபக்கம் என்று வைத்தால் எந்தப் பக்கம் வந்தாலும் தலை ஒரு வளையத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

அறுந்த கம்பிவடத்தின் முனையைப் பார்த்தால் காரணம் தெரியும். இழைகள் ஒவ்வொன்றாக முறுகிப் பிரிந்திருந்தால் பிராணி சுழன்று சுழன்று வடத்தை முறுக்கியிருக்கிறது. கழிக்கும் கண்ணிக்கும் நடுவில் சுழல் வளையம் இல்லை அல்லது உறைந்துவிட்டது. ஒரே இடத்தில் மடிந்து அறுந்திருந்தால் அது பழைய மடிப்பு. ஒரு பீவரைப் பிடித்த கண்ணியை நிமிர்த்திவிட்டு மறுபடி கட்டும் சிக்கனம் வேண்டாம். பிடித்துவிட்டுத் தப்பும் பிராணி கழுத்தில் கம்பியோடு போகிறது. அந்தக் கம்பியின் விலையைவிட அது பெரிய கணக்கு. கடப்பாரை பட்டுச் சிதைந்த வடத்தையும் அன்றே கழித்துவிடுங்கள்.

கழியையே காணவில்லை

பச்சைக் கழி, அல்லது மெலிந்த கழி. தண்ணீருக்குள் ஒரே இடத்தில் கூம்பாகக் கொறித்து அறுபட்டிருந்தால் அது பச்சை. பட்டுப்போன ஸ்ப்ரூஸில் மூன்று நான்கு அங்குலக் கனத்தில் கழி எடுத்து, பட்டையையும் சீவிவிடுங்கள். கீழ் முனையைக் கூராக்கிச் சேற்றில் இறங்கும்வரை குத்துங்கள். மேலே பனிக்கட்டிக்கு மேல் மூன்றடி குறுக்குக் கழி ஒன்றைக் கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டுங்கள். 25 கிலோ பிராணி இழுத்தாலும் கழி துளைக்குள் போகாது. காணாமல் போன கழியைத் தேடாமல் விடாதீர்கள். நீளமான கொக்கி கட்டிய கம்பால் துளையைச் சுற்றி அலசினால் பெரும்பாலும் பத்தடிக்குள் அகப்படும்.

எல்லாம் பனிக்கட்டியில் உறைந்து கிடக்கிறது

கழியை இறக்கிய அன்று பனிக்கட்டி ஓர் அடி. பத்து நாள் கடுங்குளிருக்குப் பிறகு அது ஒன்றேகால், ஒன்றரை அடி. மேல் கண்ணியோ பொறியின் ஸ்பிரிங்கோ அந்தப் புதுப் பனிக்கட்டிக்குள் போய்விட்டால் சுடாது, சுருங்காது. பொறியின் மேல் விளிம்புக்கும் பனிக்கட்டியின் அடிக்கும் இடையில் இறக்கும் நாளிலேயே ஓர் அடி இடைவெளி விடுங்கள். ஜனவரி மத்தியில் ஒன்றரை. ஏரிப் பனிக்கட்டியின் மேல் பனி எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது மெதுவாகத் தடிக்கும். பனி நல்ல போர்வை. அதனால்தான் மூடாத துளை ஏரியைவிட வேகமாக உறைகிறது. கழியைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குப் பனியை முழங்கால் உயரம் குவித்துவிட்டால் அடுத்த முறை பாதி உழைப்பு மிச்சம்.

தோண்டும்போது கழியை ஒட்டிக் கொத்தாதீர்கள். அரையடி தள்ளி வட்டமாகக் கொத்தி, கழியைப் பனிக்கட்டி உருளையோடு சேர்த்துத் தூக்கி, பின் கோடாரியின் முதுகால் தட்டி உடைத்துவிடுங்கள். கழி எங்கே இருக்கிறது, கண்ணி எந்தத் திசையில் இருக்கிறது என்று குறுக்குக் கழியின் திசையை வைத்தே தெரியும்படி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் வடத்தை வெட்டும் தவறு நேராது. செயின்சாவால் அறுப்பவர்கள் சங்கிலிக்குத் தாவர எண்ணெய் ஊற்றுங்கள். பெட்ரோலிய எண்ணெய் நேராகத் தண்ணீரில்தான் போகிறது. 330 பொறிக்குத் துளை இரண்டரை அடி நீளம் இருக்கட்டும். சின்னத் துளை வழியாகக் கஷ்டப்பட்டு இறக்கிவிடலாம், பீவரோடு வெளியே எடுக்க முடியாது.

தட்டினால் வெற்று ஓசை, துளைக்குள் தண்ணீர் கீழே கிடக்கிறது

இதைப் பொறியின் கோளாறாக மட்டும் எண்ணாதீர்கள், உங்கள் உயிருக்கான எச்சரிக்கை. ஏரி உறைந்த பிறகு அணையில் கசிவு ஏற்பட்டாலோ பீவரே அணையைக் கொஞ்சம் திறந்துவிட்டாலோ நீர்மட்டம் இறங்கும். பனிக்கட்டி மேலேயே தொங்கி நிற்க, அடியில் காற்று வெளி உண்டாகும். தாங்க தண்ணீர் இல்லாத பனிக்கட்டி சொல்லாமல் உடையும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கடப்பாரையால் ஓங்கி இரண்டு குத்து. கெட்டியான ஓசை வேண்டும். பறை தட்டியது போல வெற்று ஓசை வந்தால் வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

நடப்பதற்குத் தெளிந்த கருநீலப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம். பால்போல வெளுத்த பனிக்கட்டிக்குப் பாதி பலம்தான், அதனால் அங்கே 8 அங்குலம் கேளுங்கள். இந்தக் கணக்கு ஏரி நடுவுக்கு. வீட்டின் ஓரம், வாசல் தடத்தின் மேல், அணையின் முகப்பு, ஓடை சேரும் இடம் நான்கும் எப்போதும் மெல்லியவை. பீவரின் ஓயாத போக்குவரத்தும் ஓடும் தண்ணீரும் அங்கே பனிக்கட்டியைத் தடிக்க விடுவதில்லை. நீங்கள் வேலை செய்யப் போவதும் அந்த நான்கு இடங்களில்தான். கழுத்தில் இரண்டு கைப்பிடி ஆணிகளைத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். விழுந்தால் விளிம்பில் குத்தி ஏற அவைதான் பிடிமானம். தனியாகப் போக நேர்ந்தால் எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நீர்மட்டம் இறங்கிய இடத்தில் பொறி காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். திரும்பப் பயன்படுத்துவதானால் தண்ணீரின் புது மட்டத்திலிருந்து ஆழத்தை மீண்டும் அளக்க வேண்டும். கீழே நிற்கும் தண்ணீர் மூன்றடிக்குக் குறைவானால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். காரணம் அடுத்த தலைப்பில்.

மாட்டிய பீவர் உயிரோடு இருக்கிறது

எல்லாக் கோளாறிலும் இதுதான் மோசமானது, இது திரும்ப நடக்கக் கூடாது. முதலில் அதன் துன்பத்தை அங்கேயே, உடனே முடியுங்கள். அதற்கு விதிகள் அனுமதிக்கும் முறையும் கருவியும் ஏரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் உங்களோடு இருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து காரணத்தைத் தேடுங்கள்.

பீவரால் 15 நிமிடம்வரை மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இருக்க முடியும். பனிக்கட்டிக்கு அடியில் வைக்கும் பொறியின் நியாயமே, மாட்டியது காற்றை எட்ட முடியாது என்பதுதான். எட்டியிருந்தால் மூன்று வழிகளில் ஒன்று திறந்திருந்தது. தொங்கும் பனிக்கட்டியின் கீழ்க் காற்று வெளி ஒன்று. கண்ணியின் வடம் நீளமாக இருந்து பிராணி உங்கள் துளைக்கே வந்து மூச்சு வாங்கியிருப்பது இன்னொன்று. வடத்தைக் கழியின் உச்சியில் கட்டியிருந்தால் இப்படி ஆகும். வடம் கழியின் கீழ்ப் பாதியில் கட்டப்பட்டு, முழு நீளம் இழுத்தாலும் மூக்கு பனிக்கட்டியின் அடிக்கு வராதபடி இருக்க வேண்டும். கையால் இழுத்து அளந்து பாருங்கள். மூன்றாவது, பொறி வீட்டு வாசலுக்கு மிக நெருக்கமாக இருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போயிருப்பது.

330 பொறியில் உயிரோடு கிடைத்தால் அடி கழுத்தில் விழவில்லை. 1950களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பொறிக்காரர் ஃபிராங்க் கானிபேரின் இந்தப் பொறி பரவியதே, காலைக் கவ்வி நெடுநேரம் வைத்திருக்கும் பொறிக்குப் பதிலாகக் கழுத்தில் அடித்து உடனே கொல்வதற்காக. பொறி சாய்ந்திருந்தாலோ தூண்டுகம்பி மிகவும் விரைப்பாக இருந்து தோளையும் தாண்டி நுழைந்த பிறகு சுட்டாலோ அடி மார்பிலோ இடுப்பிலோ விழும். ஸ்பிரிங் தளர்ந்ததும் காரணமாகலாம். பல வருடம் ஓடிய ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் வைத்து அமுக்கிப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். தெரிந்தால் மாற்றுங்கள். கனடா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா மூன்றும் 1997–98இல் செய்த மனிதாபிமானப் பொறித் தர உடன்படிக்கையின்படி சான்று பெற்ற மாதிரிகளின் பட்டியல் இருக்கிறது. எல்லா 330 பொறியும் அதில் இல்லை. வாங்கும் முன் பட்டியலைப் பாருங்கள்.

காலைக் கவ்வும் பொறியைப் பனிக்கட்டிக்கு அடியில் வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஆழத்துக்கு இழுக்கும் வழுக்குக் கம்பியும் கனமான எடையும் சரியாக வேலை செய்தால்தான் அது முறையாக முடியும். கம்பியில் கொஞ்சம் பனிக்கட்டி பிடித்தாலே கெட்டுவிடும்.

நீர்நாய் மாட்டியிருக்கிறது

தடத்தில் இரையில்லாமல் வைத்த 330 பொறியில்தான் இது நடக்கும். நீர்நாய் மரம் தின்னாது, ஆஸ்பென் இரைக்கு வராது. அதனால் நீர்நாய் நடமாடும் ஏரியில் தடத்துப் பொறியை விட்டு இரைக் கழிக்கு மாறிவிடுவதே முதல் தீர்வு. தடத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் தூண்டுகம்பியை நடுவிலிருந்து தாடையின் ஒரு ஓரத்துக்கு நகர்த்துங்கள். பீவர் அகலமான உடம்பு, எப்படிப் போனாலும் ஓரம் படும். ஒல்லியான நீர்நாய் நடுவால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அணையின் வழிந்தோடி, பனியில் நீளமாகச் சறுக்கிய தடம் தெரியும் கரை, இரண்டு குளத்துக்கு நடுவே குறுக்கு வழி மூன்றும் நீர்நாயின் பாதை. அங்கே பொறி வேண்டாம். தவறி மாட்டியதை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதிப்புத்தகத்தில் இருக்கும்.

ஒன்று கிடைத்தது, பிறகு எதுவும் வரவில்லை

பல சமயம் கோளாறே இல்லை. ஒரு வீட்டில் இணை ஒன்று, போன ஆண்டுக் குட்டிகள், இந்த ஆண்டுக் குட்டிகள் சேர்ந்து குடும்பமாக இருக்கும். ஒன்று மாட்டி அடித்துக்கொண்டதும் மற்றவை அந்தத் திசைக்கு இரண்டு மூன்று நாள் வராது. அப்போது புதுத் துளை மேல் துளையாகப் போடுவது சத்தத்தையும் வெளிச்சத்தையும்தான் கூட்டும். கழியை அப்படியே விட்டு, இரையை மட்டும் மாற்றி, மூடிவிட்டு வாருங்கள். தினமும் விடிகாலையில் பார்த்தால் நல்லது என்று நினைப்பதிலும் பயனில்லை. பகலும் இரவும் தெரியாத பனிக்கட்டிக்கு அடியில் பீவரின் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிட நீண்டுவிடும். அது வெளியே வரும் வேளை நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும்.

குட்டிகளே மாட்டிக்கொண்டிருந்தால் பொறி வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. குட்டிகள் குவியலைத் தாண்டி அதிகம் போகாது. 15, 20 கெஜம் தள்ளி, அணைப் பக்கமோ கரையோர வளைப் பக்கமோ நகர்த்துங்கள். எத்தனை எடுத்தால் போதும் என்பதையும் முதல் கழியை இறக்கும் முன்னே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வீட்டை முழுக்கக் காலி செய்தால் அடுத்த வசந்தத்தில் அணையைப் பார்க்க ஆள் இருக்காது. அணை போனால் குளம் போகும், குளத்தை நம்பிய வாத்தும் மூஸ் என்னும் பெரிய மானும் போகும். சிக்கல் கொடுக்கும் பீவரை அகற்றச் சொன்ன இடம் வேறு. பொறித்தடத்தில் வருடாவருடம் எடுப்பவர் விதையை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

330 உங்கள் கையைப் பிடித்துவிட்டது

சட்டைப் பையில் ஐந்தடிக் கயிறு, ஒரு முனையில் கால் நுழையும் சுருக்கு. இது இல்லாமல் 330 பொறியைத் தொடக் கூடாது. கை மாட்டினால் கயிற்றின் வெறும் முனையை ஒரு ஸ்பிரிங்கின் இரண்டு கண்களிலும் கோத்து, மறுபடி முதல் கண்ணில் விட்டு, சுருக்கில் காலை மாட்டி, காலால் மிதித்துக் கையால் மேலே இழுங்கள். ஸ்பிரிங் மடங்கியதும் கொக்கியை மாட்டுங்கள். பிறகு அடுத்த ஸ்பிரிங். வீட்டில் ஒரு பலகைத் துண்டைக் கவ்வ வைத்து ஒற்றைக் கையால் இதைப் பழகியிருக்க வேண்டும். ஏரியில் முதல் தடவையாக யோசிக்க நேரம் இருக்காது, −25இல் நனைந்த கை சில நிமிடத்தில் சொன்னபடி கேட்காது.

தோல் கெட்டுப்போகிறது

பீவரை ஈரத்தோடு ஸ்னோமொபைல் வண்டியில் போட்டால் மயிர் தகரத்தோடு உறைந்து, பிய்த்தெடுக்கையில் கொத்தாக வரும். தண்ணீரிலிருந்து எடுத்ததும் காய்ந்த பொடிப் பனியில் நாலைந்து முறை புரட்டுங்கள். பனி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உதறி, மறுபடி புரட்டி, சாக்கில் போடுங்கள். ஏற்கெனவே பனிக்கட்டியோடு ஒட்டியிருந்தால் கட்டியோடே வெட்டி எடுத்துக் குளிர்ந்த அறையில் மெதுவாக இளகவிடுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் மயிர் வேர் தளர்ந்து உதிரும்.

பீவர் தோலை வயிற்றில் கீறித் திறந்து, பலகையில் நீள்வட்டமாக ஆணியடித்துக் காயவைப்பார்கள். ஆணிக்கும் ஆணிக்கும் ஓர் அங்குலம். தரம் பிரிப்பது நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் கூட்டித்தான் என்பதால் சிலர் அளவு கூட வரட்டும் என்று அளவுக்கு மீறி இழுப்பார்கள். அப்படி இழுத்தால் மயிரடர்த்தி குறைந்து மெலிந்து தெரியும், விலையும் குறையும். உரிக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். பீவரிடமிருந்து துலரேமியா நோய் மனிதருக்குத் தொற்றும், கையில் ஒரு சின்னக் கீறல் போதும். வாலடியில் இருக்கும் இரண்டு வாசனைப் பைகளையும் கீறாமல் முழுசாக எடுத்து, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். வாசனைத் திரவியத் தொழிலுக்கு அதற்குத் தனி விலை உண்டு.

பருவம் முடிந்து கழிகளை எடுக்கையில்

மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறையும் நாள்கள் தொடங்கும்போதே எடுக்க ஆரம்பித்துவிடுங்கள். தேன்கூடு போல ஓட்டை விழுந்த வசந்தப் பனிக்கட்டி இரண்டடி கனத்திலும் ஆளைத் தாங்காது. எந்த ஏரியில் எத்தனை கழி, கழிக்கு எத்தனை கண்ணி என்று டிசம்பரில் எழுதிவைத்த தாளை எடுத்து ஒவ்வொன்றாக அடியுங்கள். ஒரு கண்ணி குறைந்தாலும் அந்த ஏரிக்கு மறுபடி போக வேண்டும். எடுத்த துளைகளைப் பனிக்கட்டித் துண்டும் பனியும் போட்டு நிரப்பி, பக்கத்தில் ஸ்ப்ரூஸ் கிளை ஒன்றை நட்டுவிடுங்கள், இரவில் ஸ்னோமொபைலில் வருபவருக்குத் தெரிய வேண்டும்.